சாலையோரத்தின் விலை: உடையார்பாளையத்து ஓட்டலும் வண்டிக் கடையும்

திருச்சியிலிருந்து லால்குடி, கீழப்பழுவூர் வழியாகச் சிதம்பரம் போகும் நெடுஞ்சாலையில், ஜெயங்கொண்டத்துக்குச் சற்று முன்பாக உடையார்பாளையம் இருக்கிறது. பாளையக்காரர்கள் ஆண்ட ஊர், பிறகு ஜமீன், இன்று அரியலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகரம், பேரூராட்சி. சுற்றிலும் பட்டுத் தறிகள், முந்திரிக் காடுகள். தமிழ்நாட்டில் இந்த அளவுள்ள எந்த ஊருக்குப் போனாலும் உணவு வியாபாரம் இரண்டு பிரிவாக நடக்கும். காலையில் ஓட்டல்களில் இட்லிக் கொப்பரை ஆவி விடும். பொழுது சாய்ந்ததும் சாலையோரத்தில் தள்ளுவண்டிகளும், பின்கதவைத் தூக்கிவிட்ட ஆம்னி வேன்களும், பக்கப் பலகையை மேசையாக்கிய டாட்டா ஏஸ்களும் வந்து நிற்கும்.

இரு தரப்புக்கும் மனக்குறை உண்டு. “அட்வான்ஸ் கொடுத்து, வாடகை கொடுத்து, ஆள் வைத்து நடத்துகிறேன், என் வாசலுக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி என் விலையில் பாதிக்கு விற்கிறார்கள்” என்பது ஓட்டல்காரரின் வழக்கமான புலம்பல். “இன்றைக்கு நிற்கிற இடத்தில் நாளைக்கு நிற்க முடியுமா என்று தெரியாது, அவருக்கென்ன, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்” என்பது வண்டிக்காரரின் பதில். இவற்றைச் சில்லறைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. சாலையோரத்தில் நின்று விற்கும் வாய்ப்புக்கு ஒரு விலை இருக்கிறது. ஓட்டல் அதை வாடகையாகக் கட்டுகிறது. வண்டி அதையே நிச்சயமின்மையாகக் கட்டுகிறது. ஒன்று ரசீதோடு போகிறது, மற்றது ரசீது இல்லாமல் போகிறது. போட்டி நியாயமானதா என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் விடை கிடைக்கும்.

யாருடைய பசி

அரியலூர் மாவட்டம் பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் அதனுடன் இணைந்து, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 7,54,894 பேர். அவர்களில் நகர்ப்புறத்தில் வாழ்வோர் சுமார் 11 விழுக்காடு மட்டுமே. அரியலூர், ஜெயங்கொண்டம் என இரண்டு நகராட்சிகள்; உடையார்பாளையம், வரதராசன்பேட்டை என இரண்டு பேரூராட்சிகள்; மற்றதெல்லாம் கிராம ஊராட்சி. இவ்வளவு கிராமத்தன்மை கொண்ட மாவட்டத்தில் வெளியே சாப்பிடுவோர் குறைவாகத்தானே இருப்பார்கள் என்று தோன்றலாம். ஆனால் இந்த மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் இது. அந்தக் கல்லை நம்பி அரசின் டான்செம், டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு எனச் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலை என்றால் லாரி. லாரி என்றால் டிரைவர், கிளீனர், எடைமேடை, இரவுக் காத்திருப்பு. வீட்டு அடுப்புக்கும் வயிற்றுக்கும் இடையே தூரம் விழுந்த மனிதர்கள் இவர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள், கல்லூரி விடுதி மாணவர்கள், முகூர்த்த நாளுக்குள் சேலையை முடித்தாக வேண்டிய நெசவாளர் வீடுகள், கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வரும் பயணிகள் ஆகியோரையும் சேர்த்தால் சிற்றூர்ச் சாலையிலும் சமைத்த உணவுக்கு நல்ல சந்தை இருப்பது விளங்கும்.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே சொல்கிறது. 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், உணவுப் பொருட்களுக்குள் அதிகப் பங்கை எடுத்துக்கொண்ட இனம் அரிசியோ பருப்போ பாலோ அல்ல. பானங்களும் தயாரித்த உணவுகளும் அடங்கிய பிரிவுதான் முதலிடத்தில் நின்றது. மொத்த வீட்டுச் செலவில் அதன் பங்கு கிராமங்களில் 9.62 விழுக்காடு, நகரங்களில் 10.64 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே ஒரு விழுக்காட்டளவே வேறுபாடு என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியே வாங்கித் தின்பது நகரத்துப் பழக்கம் என்ற எண்ணத்துக்கு இனி ஆதாரமில்லை.

சாலையும் மாறிவிட்டது. திருச்சி–சிதம்பரம் வழியில் கல்லகத்துக்கும் மீன்சுருட்டிக்கும் இடைப்பட்ட பகுதி நான்குவழிச் சாலையாகி, உடையார்பாளையம் அருகே மணகெதியில் சுங்கச்சாவடியும் வந்துவிட்டது. பெரம்பலூர்ப் பக்கம் உளுந்தூர்பேட்டை–பாடாலூர் நான்குவழிச் சாலை இதற்கு முன்பே வந்தது. இத்தகைய சாலைகள் ஊர்களைச் சுற்றிப் போகத் தொடங்கும்போது முதலில் அடிபடுவது கடைத்தெரு ஓட்டல். நேற்றுவரை அதன் வாசலில் நின்ற பேருந்தும் லாரியும் இன்று ஊரைத் தொடாமல் போகின்றன. கட்டடம் அவற்றின் பின்னால் போக முடியாது, வண்டி போகும். சர்வீஸ் ரோட்டிலும் சுங்கச்சாவடிக்கு அப்பாலும் இளநீர், கம்பங்கூழ், பிரியாணி என்று வண்டிகள் முளைப்பதற்குச் சாலையின் இடமாற்றமே காரணம். நெடுஞ்சாலையில் மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் உண்டு. அரசு விரைவுப் பேருந்துகள் நின்று செல்ல ஒப்பந்தப்புள்ளி மூலம் உரிமம் பெற்ற பயணவழி உணவகம் அது. அங்கே வாடிக்கையாளர் தானாக வருவதில்லை, பேருந்தோடு கொண்டுவந்து இறக்கப்படுகிறார். விலை பற்றியும் தரம் பற்றியும் அங்கே எழும் புகார்களைப் பார்த்தால், போட்டியே இல்லாத உணவுச் சந்தை எப்படியிருக்கும் என்பது புரியும்.

கல்லாவுக்குப் பின்னால் உள்ள கணக்கு

வண்டிக் கடை எப்படி மலிவாக விற்கிறது? வாடகை இல்லாததால் என்பதுதான் பொதுவான விடை. ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த விடை பாதிகூடச் சரியில்லை என்று தெரியும்.

சிற்றூர் ஓட்டல் ஒன்றுக்கு மாத வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நாளுக்கு 400. ஒரு மாஸ்டர், ஒரு சப்ளையர். தலா 800 ரூபாய் சம்பளம் என்றால் 1,600. மின்சாரம், தண்ணீர், சில்லறைச் செலவு 200. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அன்றைய கணக்கில் 2,200 ரூபாய் விழுந்துவிடுகிறது. மாவு, எண்ணெய், எரிவாயு, இலை எல்லாம் போக ஒரு தட்டுக்கு 20 ரூபாய் நிற்கிறது என்றால், 110 தட்டு விற்ற பிறகே முதலாளியின் லாபம் தொடங்கும். அதே தெருவில் கணவனும் மனைவியும் நடத்தும் வண்டிக்கு விளக்கு, தண்ணீர்க் குடம், இரவில் வண்டியை நிறுத்தும் இடம் எல்லாம் சேர்த்து 200 ரூபாய் என்று கொள்வோம். அவர்களுக்கு 10 தட்டிலேயே முதல் தேறிவிடுகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 100 தட்டு. அதில் வாடகையால் வருவது 20 தட்டு மட்டுமே. மீதி 80 தட்டும் சம்பளத்தால் வருவது. வண்டியில் அந்தச் சம்பளம் இல்லாமல் போய்விடவில்லை. யாரும் அதை எழுதவில்லை, அவ்வளவுதான். விடியற்காலையில் மாவாட்டி, பகலில் வெங்காயம் உரித்து, இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவும் அந்தத் தம்பதியின் உழைப்புக்கு வெளியே வேலை பார்த்தால் கிடைக்கும் கூலியைப் போட்டுப் பாருங்கள். வண்டியும் 90 தட்டு விற்றாக வேண்டும். எண்கள் மாதிரிக்காக எடுத்தவை. வாடகையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் சிற்றூர் வாடகை கூலியைவிடக் குறைவாக இருக்கும்வரை விகிதம் பெரிதும் மாறாது. வண்டியின் மலிவில் பெரும்பகுதி குடும்பத்தின் எழுதப்படாத கூலி.

ஓட்டலின் சுமை இதோடு முடிவதில்லை. தமிழ்நாட்டில் உணவு விடுதித் தொழிலாளர்களுக்கென்றே 1958ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. வேலைநேரம், வார விடுமுறை, குறைந்தபட்சக் கூலி என்று எல்லாவற்றுக்கும் ஓட்டல்காரர் பதில் சொல்ல வேண்டும். 19 கிலோ வணிகச் சிலிண்டரும் வணிக மின்கட்டணமும் தவிர்க்க முடியாதவை. பரோட்டா மாஸ்டர் முன்பணம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டால், கல் ஆறிக் கிடக்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். கொரோனா ஊரடங்கில் இந்த நிலையான செலவுதான் பல ஓட்டல்களை வீழ்த்தியது. வேலையிழந்த மாஸ்டர்களும் சப்ளையர்களும் பழைய வேனை வாங்கிப் பிரியாணி அண்டாவோடு சாலைக்கு வந்ததைத் தமிழகம் முழுவதும் பார்த்தோம். நேற்றைய தொழிலாளி இன்றைய போட்டியாளர் ஆன கதை அது.

வண்டிக்காரர் கட்டும் விலை வேறு வகை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் வியாபாரம் இல்லை. ஆட்டிய மாவு புளித்துப் போகும். திருவிழாவுக்கோ முக்கியப் பிரமுகர் வருகைக்கோ சாலையைச் சீராக்க வேண்டுமென்றால் முதலில் அப்புறப்படுத்தப்படுவது வண்டி. அடமானத்துக்குக் கட்டடமோ பத்திரமோ இல்லாததால் வங்கிக் கடன் எட்டாது. தினமும் வந்து வசூலிக்கும் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். அந்த வட்டியை வாடகையின் இடத்தில் வைத்துப் பார்த்தால் “வாடகை இல்லாத வியாபாரம்” என்ற பேச்சு அடிபட்டுப் போகும்.

ஒரே தெரு, வேறு பொழுது

இருவரும் ஒரே வாடிக்கையாளருக்காகத்தான் மோதுகிறார்களா? அமெரிக்கப் பொருளியலாளர் ஹரால்டு ஹோட்டலிங் 1929இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு உதவும். ஒரே நீளத் தெருவில் ஒரே பொருளை விற்கும் இருவர் ஆளுக்கொரு முனையில் நிற்காமல் நடுவில் ஒருவரை ஒருவர் ஒட்டி வந்து நிற்பார்கள் என்று அவர் காட்டினார். விலகி நிற்பவர் நடுவிலுள்ள வாடிக்கையாளரை இழப்பார் என்பதே காரணம். வண்டிகள் ஓட்டல் இருக்கும் பேருந்து நிறுத்தத்திலேயே ஏன் வந்து கூடுகின்றன என்பதற்கு வன்மத்தைத் தேட வேண்டியதில்லை. கூட்டம் இருக்குமிடம் அதுதான். அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதியை ஓட்டல் திரட்டியது என்பதும் உண்மை. வண்டிகள் வந்தபிறகு கூட்டம் பெருத்தது என்பதும் உண்மை.

அதோடு சிற்றூரில் பொழுதும் ஒரு பங்கீட்டைச் செய்துவிடுகிறது. உட்கார்ந்து உண்ணும் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் ஓட்டலுக்கு உரியவை. சாம்பார், ரசம், பொரியல், மோர் என்று வரிசையாக வரும் இலைச் சாப்பாட்டை ஒரு வண்டியில் நடத்துவது கடினம். வெயிலில் நின்று சோறு தின்ன யாரும் விரும்புவதுமில்லை. கம்பங்கூழ் வண்டி முற்பகலோடு முடிந்துவிடும். மாலை நான்குக்குப் போண்டா, பஜ்ஜி, சுண்டல். ஆறுக்கு மேல் காளான், பானிபூரி. ஏழுக்கு மேல் பரோட்டா, தோசை, முட்டை. உண்மையான மோதல் இரவு ஏழு முதல் பத்து வரையிலான மூன்று மணி நேரத்தில்தான் நடக்கிறது. ஓட்டல்காரரின் பகல் வருமானம் வாடகையையும் சம்பளத்தையும் ஈடுசெய்துவிட, லாபம் என்று கையில் நிற்க வேண்டியது இந்த இரவு வியாபாரம் என்பதால் அவர் கோபம் அந்த நேரத்தில் கூர்மையாகிறது. இதை உணர்ந்த பலர் தங்கள் வாசலிலேயே பரோட்டாக் கல்லையும் தந்தூரி அடுப்பையும் வெளியே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கல்லில் கரண்டி தாளம் போட, சால்னா வாசனை தெருவுக்குப் போக, ஓட்டலின் முன்பக்கமும் ஒரு வண்டிக் கடையாகிவிடுகிறது. நடைபாதையை மறிப்பதாக வண்டிமீது சொல்லப்படும் குற்றச்சாட்டு இப்போது ஓட்டலுக்கும் பொருந்தும்.

மிளகும் பயறும்

உடையார்பாளையத்துச் சிவன் கோயிலில் இறைவன் பெயர் பயறணீசுவரர். மிளகு மூட்டைகளோடு வந்த வணிகர் ஒருவர், மிளகுக்கு வரி அதிகம் என்பதால் சுங்கக்காரரிடம் “பயறு” என்று சொல்லித் தப்பினார். பின்னால் மூட்டையைப் பிரித்தால் மிளகெல்லாம் பயறாகியிருந்தது. இறைவனிடம் முறையிட்டபின் மீண்டும் மிளகானது என்கிறது தலக்கதை. ஊர் ஊராக நகரும் வணிகருக்கும் வரி கேட்கும் அதிகாரத்துக்கும் இடையிலான இழுபறி இந்த ஊரின் கோயில் பெயரிலேயே தங்கிவிட்டது.

இன்றைய ஓட்டல்காரர்களின் பெரிய புகாரும் வரிதான்: “நாங்கள் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம், அவர்கள் கட்டுவதில்லை.” சட்டத்தைப் பார்த்தால் அது சக்கரம் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை, விற்றுமுதல் எவ்வளவு என்றுதான் கேட்கிறது. உணவகச் சேவைக்கு 2017 நவம்பர் முதல் உள்ளீட்டு வரிச் சலுகையில்லாத 5 விழுக்காடு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். 20 லட்சத்தை 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 5,480 ரூபாய். இதற்குக் கீழே விற்கும் ஓட்டலுக்கும் வரி இல்லை. இதற்கு மேலே விற்கும் பிரியாணி வேனுக்கு வரி உண்டு. உணவுப் பாதுகாப்பிலும் இதே நிலைதான். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெருவில் கூவி விற்பவரும் பதிவு செய்தாக வேண்டும். 2011 விதிகள் வகுத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். அதற்கு உட்பட்டவருக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு, மேற்பட்டவருக்கு உரிமம் என்றிருந்தது. அந்தக் கணக்கில் நாளுக்கு ஏறத்தாழ 3,290 ரூபாய் விற்றாலே பதிவு வரம்பு முடிந்துவிட்டது.

ஆக, ஏற்றத்தாழ்வு சட்ட வாசகத்தில் குறைவு, கண்காணிப்பில் அதிகம். கதவு எண்ணும் பெயர்ப்பலகையும் உள்ள கடைக்கு அதிகாரி எளிதில் வந்துவிடுகிறார். இரவு பத்து மணிக்குக் கலைந்துவிடும் வண்டியைத் தேடி அவர் வருவதில்லை. வரும்போதும் வரி கேட்க வருவதில்லை, அப்புறப்படுத்த வருகிறார். ஒருவருக்கு நோட்டீஸ், மற்றவருக்கு விரட்டல்.

தட்டும் தண்ணீரும்

வண்டி உணவு அசுத்தம், ஓட்டல் உணவு சுத்தம் என்ற பாகுபாட்டை அண்மைக்கால நிகழ்வுகள் ஆதரிக்கவில்லை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா தின்ற 14 வயதுச் சிறுமி இறந்தார். அந்த உணவு வந்தது ஓர் ஓட்டலிலிருந்து. ரோடமின்-பி சாயம் கலந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு தடைசெய்த பஞ்சுமிட்டாய், தெருவில் விற்கப்பட்ட பொருள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு வந்த ஓராண்டுத் தடை இரு தரப்பையும் தொட்டது. பயன்படுத்திய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற 2018 விதியும் எல்லாச் சட்டிக்கும் பொது.

வண்டிக்கு உரிய குறை ஒன்று உண்டு; அது தண்ணீர். குழாய் இல்லாத இடத்தில் இரண்டு குடம் தண்ணீரில் இரவு முழுவதும் தட்டு கழுவ வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் தட்டின்மேல் பிளாஸ்டிக் தாள் விரிக்கும் பழக்கம் வந்தது; சூடான சால்னா அதன்மேல் விழுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தத் தாளுக்குத் தடை. வாழையிலை விலை ஏறும்போதெல்லாம் தாள் திரும்பி வருகிறது. அபராதத்தால் இது முழுதாகத் தீராது. வண்டி நிற்கும் வரிசையில் ஒரு குடிநீர்க் குழாயும் கழிவுநீர்ப் போக்கும் போட்டுக் கொடுத்தால் பாதி தீரும். அதைச் செய்ய வேண்டுமென்றால் அந்த வரிசை அங்கேதான் நிற்கும் என்று பேரூராட்சி ஒப்புக்கொள்ள வேண்டும்.

யார் தொடங்க முடிகிறது

ஓட்டல் வைக்கப் பணம் மட்டும் போதாது. கடைத்தெருவில் இடம் கிடைக்க வேண்டும்; இடத்தின் சொந்தக்காரர் யாருக்கு வாடகைக்குக் கொடுப்பார் என்பது சிற்றூர்களில் சாதியிலிருந்து விலகிய கேள்வி அல்ல. தமிழ்நாட்டு ஓட்டல் வரலாறே இந்தக் கேள்வியோடு பின்னியது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு “பிராமணாள்” என்ற பலகையை எதிர்த்துப் பெரியார் நடத்திய மறியல், உணவு விடுதி யாருடையது, யாருக்கானது என்பதைத் தெருவில் வைத்து விசாரித்தது. பல கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்கு வெகுகாலம் பின்பும் இருந்தது. நெடுஞ்சாலை வண்டியில் வந்து நிற்பவரின் ஊரையும் தெருவையும் விசாரிக்க நேரமில்லை. எல்லோருக்கும் ஒரே இலை, ஒரே காகிதக் கோப்பை. வண்டி சாதியை ஒழித்துவிட்டது என்று சொல்ல முடியாது. உள்ளூர்த் தெருவில் யார் வண்டியில் யார் சாப்பிடுவார் என்ற கணக்கு இன்னும் ஓடுகிறது. ஆனால் கடைத்தெருவில் நுழைய முடியாதவருக்குச் சாலை ஒரு வாசலைத் திறந்திருக்கிறது.

பெண்களுக்கும் அப்படித்தான். கல்லாவில் பெண் உட்கார்ந்த சிற்றூர் ஓட்டல்கள் குறைவு. இட்லி, ஆப்பம், பணியாரம், கூழ் விற்கும் வண்டிகளிலும் திண்ணைக் கடைகளிலும் பெண்களே நிறைந்திருக்கிறார்கள். வண்டிகளை ஒட்டுமொத்தமாக அகற்றும் ஒரு நடவடிக்கை நடுநிலையானதாகத் தோன்றினாலும், அதன் அடி யார் தலையில் விழும் என்பது இதிலிருந்து தெரியும்.

சட்டம் வரும் தூரம்

தெருவில் விற்பது உரிமையா, சலுகையா என்பதை உச்ச நீதிமன்றம் நீண்ட காலம் விவாதித்தது. 1985இல் பம்பாய் தெருவணிகர் வழக்கில் விற்பனைக்கான பகுதிகளை வகுக்கச் சொன்னது. 1989இல் சோதன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, தெரு வணிகம் அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவுக்குள் வரும் தொழில் உரிமை என்று ஏற்றது. அதே மூச்சில், குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தனக்கென்று கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்றும் சொன்னது. தொழில் உண்டு, இடம் இல்லை என்ற இந்த நிலையைச் சீர்செய்ய வந்ததே 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம். தமிழ்நாட்டு விதிகள் 2015இல் வந்தன.

அந்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு தெரு வணிகர்கள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. அது முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கெட்டுப்போகும் பொருளைக் கைப்பற்றினால் அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வணிகர்களுக்கு இடம் தரலாம். பத்தாயிரம் பேர் வாழும் ஊரென்றால் 250 பேர். ஒரே இடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்தும் முறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. பதிலுக்கு வணிகர் விற்பனைக் கட்டணமும் பராமரிப்புக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிக்கல். இந்தச் சட்டம் பேசும் உள்ளாட்சி என்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர அமைப்புகள். உடையார்பாளையம் பேரூராட்சி எல்லைக்குள் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தும். எல்லை தாண்டி, நான்குவழிச் சாலையோரத்தில் ஊராட்சிப் பகுதியில் நிற்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. அங்கே தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டம்தான் நிற்கிறது; அதன் நோக்கம் ஆக்கிரமிப்பை அகற்றுவது. பத்தில் ஒன்பது பேர் கிராமத்தில் வாழும் மாவட்டத்தில், வியாபாரம் சாலையோடு ஊருக்கு வெளியே நகர்ந்திருக்கும் காலத்தில், சட்டத்தின் நிழல் வியாபாரம் இல்லாத இடத்தில் விழுகிறது. தெருவோர வணிகர்களுக்காக 2020 ஜூனில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி கடன் திட்டமும் நகர உள்ளாட்சிகளை மையமாக வைத்தே அமைந்தது. முதலில் 10,000, பிறகு 20,000, 50,000 ரூபாய் என்றிருந்த தவணைகள் 2025இல் 15,000, 25,000, 50,000 என மாற்றப்பட்டன. தண்டல் வட்டியிலிருந்து மீள இது உதவும் தொகைதான். நகரத்தோடு தொடர்பில்லாத ஊராட்சிச் சாலையில் விற்பவருக்கு அந்த வாசல் குறுகியது.

தூரம் அளந்த ஊர்கள்

ஓட்டல்காரர்கள் கேட்கும் தீர்வு பெரும்பாலும் தூரம்: எங்கள் கடையிலிருந்து இத்தனை அடிக்குள் வண்டி கூடாது. அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டெக்சாசின் எல் பாசோ நகரம் உணவகங்களிலிருந்து 1,000 அடிக்குள் உணவு வண்டிகளுக்குத் தடை விதித்தது. வழக்கு வந்ததும் 2011இல் கைவிட்டது. சிகாகோ 200 அடி விதி வைத்தது, வண்டிகளில் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியையும் கட்டாயமாக்கியது, இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் அந்த விதியைச் சரியென்றது. உணவகங்கள் சொத்து வரி கட்டி நகருக்கு நிலையான வருவாய் தருகின்றன என்பது நகரத்தின் வாதங்களில் ஒன்று. இதை உடையார்பாளையத்தில் பொருத்திப் பாருங்கள். சிற்றூரின் கடைத்தெரு நீளம் குறைந்தது. ஒவ்வொரு ஓட்டலைச் சுற்றியும் 200 அடி வட்டம் போட்டால் வண்டி நிற்க ஊருக்குள் இடமே மிஞ்சாது. தூரக் கோடு சிற்றூரில் முழுத் தடையாகிவிடும்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1968-69இல் தெரு உணவு வணிகர்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்து, 1970களிலும் 80களின் நடுப்பகுதிவரையிலும் அவர்களைக் குழாய், வடிகால், கூரை உள்ள மையங்களுக்கு மாற்றியது. தமிழ்ச் சமையலும் சீன, மலாய்ச் சமையலும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் வேகும் அந்தப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அங்கே அரசு கட்டடங்களைக் கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. பேரூராட்சிக்கு அந்தப் பண வசதி இல்லை. அந்த அளவு கூட்டமும் இல்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டடத்தை அல்ல, வரிசையை: முதலில் கணக்கெடுப்பு, பிறகு தண்ணீர், அதன்பின்தான் இடமாற்றம். நம்மூரில் இடமாற்றம் முதலில் வருகிறது, மற்ற இரண்டும் வருவதில்லை.

பேரூராட்சி செய்யக்கூடியது

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. உடையார்பாளையம் அளவுள்ள ஊரில் வண்டிகளைக் கணக்கெடுப்பது பெரிய வேலையல்ல. விற்பனைக் குழுவில் ஓட்டல்காரர்களையும் உட்காரவைக்கலாம். வணிகர் சங்கங்களுக்கு அதில் இடமுண்டு. மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை என்று நேரம் குறித்து, பகலில் வாகனம் நிற்கும் அதே இடத்தை இரவில் வண்டிகளுக்கு ஒதுக்கலாம். குழாயும் விளக்கும் குப்பைத் தொட்டியும் வைத்து, அதற்கு நாள் கட்டணத்தை ரசீதோடு வாங்கலாம். வாரச்சந்தைத் தரைவாடகையை ஏலம் விட்டு வசூலிக்கப் பழகிய உள்ளாட்சிக்கு இது புதிதல்ல. ஆனால் ஏலம் விடாமல் பேரூராட்சியே வசூலிப்பது முக்கியம். குத்தகைக்காரர் நடுவில் வந்தால் இன்னொரு தண்டல்காரர் முளைப்பார். ஓட்டல்காரரும் விரும்பினால் அதே கட்டணத்தில் அந்த வரிசையில் ஓர் இடம் எடுத்து இரவு வண்டி போடட்டும். ஊராட்சிப் பகுதி நெடுஞ்சாலைக்கு மாநில அரசுதான் வழி செய்ய வேண்டும். சுங்கச்சாவடி அருகே லாரி நிற்கும் இடங்களில் வண்டிகளுக்கென ஓரிடம் ஒதுக்குவது, வேகச் சாலையில் திடீரென்று ஓரம் கட்டும் ஆபத்தையும் குறைக்கும்.

இப்படிச் செய்தால் வண்டியின் விலை சற்று ஏறலாம். கட்டணம், பதிவு, தரமான இலை எல்லாம் சேரும்போது தோசைக்கு இரண்டு ரூபாய் கூடும். அதற்குப் பதிலாக வண்டிக்காரர் பெறுவது நாளைக்கும் இதே இடம் என்ற உறுதி. அந்த உறுதி இருந்தால்தான் அவர் நல்ல அடுப்பு வாங்குவார், வங்கிக்குப் போவார், பிள்ளையைப் பாத்திரம் கழுவ அழைக்காமல் ஓர் ஆளை வைப்பார். ஆள் வைக்கும் நாளில் அவருடைய கணக்குப் புத்தகமும் ஓட்டல்காரருடைய கணக்குப் புத்தகமும் ஒரே மாதிரி ஆகத் தொடங்கும். ஓட்டல்காரர் கேட்கும் சமநிலை அதுதான். வண்டியை விரட்டி அதை அடைய முடியாது, ஏனென்றால் விரட்டப்பட்ட வண்டி இன்னும் மலிவாக, இன்னும் இருட்டான இடத்தில் விற்கும். சாலையோரத்துக்கு விலை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதை இருவரிடமும் ரசீதோடு வாங்குவதே நியாயமான போட்டியின் முதல் படி.